வலையை வெட்ட வைத்த வெளிச்சம்

“எங்கடை ஊர் பஸ்ஸே சொன்ன நேரத்துக்கு வாறேல்லை. உவள் தேவராசான்ரை பெட்டை ஆகாயத்துக்கு நேரசூசி வாசிக்கிறாள்!”

அரியம் சம்மாட்டி இதைச் சொன்ன அன்று, பருத்தித்துறைக் கடற்கரையோரம் இருந்த எங்கள் வாசிகசாலைக்குள் பீடிப் புகையும் ஈரச் சாரங்களின் உப்பு மணமும் மூக்கை அடைக்குமளவுக்கு நிறைந்திருந்தன. கடலுக்குப் போக முன்னர் பத்திரிகை பார்ப்பதற்கும், அதைவிட அதிகமாக ஊர்க்கதை கதைப்பதற்கும் கூடுகிற ஆண்கள் வாங்கில்களில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். பெண்பிள்ளைகள் அந்தப் படி ஏறுவதில்லை. ஏறக்கூடாது என்று எங்கேயும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஒட்டியிருந்தாலும் எங்கள் வீட்டில் அதை வாசித்திருக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். அந்தத் தேவராசாவின் மகள் நான்; எனக்குப் பன்னிரண்டு வயது. நாளைப் பின்னேரம் வடக்குக் கடலுக்கு மேலே ஒரு வெளிச்சம் ஏறும், அது ரொக்கெட், அதைக் கண்டு ஒருவரும் வலையை வெட்டவேண்டாம் என்று சொல்லத்தான் ஏறினேன். சொல்லி முடிக்க முன்னரே சம்மாட்டி தன் வாக்கியத்தைச் சொன்னார், கூரை ஆடுகிற மாதிரிச் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து ஓய்கிறவரைக்கும் நான் அந்தப் படியிலேயே நின்றேன். ஏன் நின்றேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னர் பாடசாலையில் நிலைத்தவர்கள் யாரும் இல்லை. அப்பா கையெழுத்துப் பழகி முடிக்காமலே தோணியில் ஏறியவர். அம்மா இடம்பெயர்ந்த கொட்டில்களில் வளர்ந்தவள்; அவள் போய்ச் சேருகிற இடத்திலிருந்து பள்ளிக்கூடம் அவளுக்கு முன்னரே இடம்பெயர்ந்து போயிருக்கும். முதன்முதலாக நான் என் பெயரை, 'வதனி' என்று மூன்று எழுத்தை, முற்றத்து மணலில் எழுதிக் காட்டிய நாளில், அப்பா அதில் கால் படாமல் சுற்றி நடந்து கிணற்றடிக்குப் போனார். அந்த வீட்டுப் பிள்ளை நான் என்பதை இன்றைக்கும் எந்த மேடையிலும் மறைப்பதில்லை.

எங்கள் கரையில் திசைகளுக்குக் காற்றின் பெயர்கள்தான் வழக்கு. வடக்கு 'வாடை', கிழக்கு 'கொண்டல்', தெற்கு 'சோழகம்', மேற்கு 'கச்சான்'. வாடைப்பக்கத்தில் கடலைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாது. சண்டைக் காலத்தில் அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தால் அதற்கு ஒரேயொரு அர்த்தம்தான் இருந்தது. 'பரா' என்போம், சின்னக் குடையொன்றில் தொங்கியபடி, அவசரமேயில்லாமல் இறங்குகிற வெளிச்சக்குண்டு. அது கடலைப் பகலாக்கும், பகலான கடலில் நிற்கிற தோணியைச் சுடுவது இலகு. அதனால் எங்கள் ஆண்கள் ஒரு வேலைமுறையைப் பழகியிருந்தார்கள். தோணியின் முன்பக்கமான 'அணிய'த்தில் கயிறுபோட்டுக் கட்டிய கத்தியொன்று எப்போதும் இருக்கும். வெளிச்சத்தைக் கண்டதும், இழுத்து ஏற்ற நேரமில்லாத வலையை வெட்டிக் கடலுக்குக் கொடுத்துவிட்டு உயிரோடு கரைக்கு ஓடிவர வேண்டும். சண்டை முடிந்து இரவுக் கடல் எங்களுக்குத் திரும்பக் கிடைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. சோதனைச் சாவடிகள் போய்விட்டன, கடலுக்கு இறங்கப் பாஸ் எடுக்கிற நடைமுறை போய்விட்டது. கத்தி மட்டும் அணியத்திலேயே இருந்தது.

அந்த வருஷம் மாசிப் பனி காலைக் குத்துகிற ஒரு விடியப்புறத்தில் நானும் அம்மாவும் கரையில் நின்றோம். தோணிகள் வந்ததும் வலையில் சிக்கிய மீனைக் கழட்டுகிற வேலை பெண்களுடையது. பாடசாலைக்கு முன்னர் நானும் போய்க் கழட்டுவேன், செதில் ஒட்டிய கையோடு வகுப்பில் இருந்திருக்கிறேன். கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. திடீரென்று வாடைப்பக்கம் கடலின் விளிம்பிலிருந்து ஒரு செம்மஞ்சள் பொட்டுக் கிளம்பியது. சத்தமில்லை. பொட்டு ஏற ஏற அதன் பின்னால் ஒரு வால் நீண்டது, பிறகு அந்த வால் விரிந்து, கரையில் ஒதுங்கிக் கிடக்கிற 'சொறி'யைப்போல, தொட்டால் கடிக்கிற அந்தக் கண்ணாடி உடம்புக் கடற்பிராணியைப்போல, நீலமும் வெள்ளையுமாக வானத்தில் மிதந்தது. 'எவ்வளவு வடிவு' என்று நான் வாய் திறக்க முன்னர், அம்மா என்னை மணலில் தள்ளி எனக்கு மேலே விழுந்தாள்.

“விளக்கை நூருங்கோ! விளக்கை நூருங்கோ!” என்று அடுத்த வீட்டுப் பூமணி மாமி கத்தியபடி தானும் குப்புற விழுந்தா. மீன் கூடைகள் உருண்டன. ஒழுங்கை நெடுக வீடுகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அம்மாவின் நெஞ்சுக்குக் கீழே, வாய்க்குள் மணலோடு, நான் தலையைத் திருப்பி அந்த வெளிச்சத்தைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அது கொண்டல் பக்கமாகச் சரிந்து, நட்சத்திரமளவு சிறுத்து, இல்லாமல் போனது. குண்டு எதுவும் விழவில்லை. யாரும் எழும்பவுமில்லை.

தோணிகள் வழமையில் ஒன்றன்பின் ஒன்றாக, ஆறுதலாக வரும். அன்றைக்கு எல்லாம் ஒன்றாக, இயந்திரம் அலற, இலேசாக வந்தன. தோணி இலேசாக வருவது எங்கள் கரைக்குக் கெட்ட காட்சி. பெண்கள் தண்ணீருக்குள் இறங்கி ஆட்களைத் தடவிப் பார்த்தார்கள்; எல்லோரும் இருந்தார்கள். அழுது, சிரித்து, திரும்ப அழுது முடிந்த பிறகுதான் அம்மா தோணிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“வலை எங்கையப்பா?”

“வெட்டிப்போட்டு வந்தனாங்கள்,” என்றார் அப்பா. அவருடைய கையில் கத்தி இன்னும் இருந்தது.

வெட்டிய வலைகளைத் தேடி மத்தியானம் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள், நீரோட்டம் கொண்டுபோய்விட்டது. மறுநாள் அப்பா வாசிகசாலைப் பத்திரிகையை மடித்துச் சாரத்தில் செருகிக்கொண்டு வந்து, உட்பக்கத்தில் இருந்த ஒரு படத்தைக் காட்டி, “உது அதுபோலை கிடக்கு, என்னெண்டு வாசி,” என்றார். வாசித்தேன். சென்னைக்கு வடக்கே சிறீஹரிக்கோட்டா என்ற தீவிலிருந்து செய்மதி கொண்டு போன ரொக்கெட் அது.

“அப்ப உது பரா இல்லை?”

“இல்லையப்பா. ரொக்கெட்.”

“அனுப்பப்போறம் எண்டு முதலே சொல்லுறவையோ?”

“ஓம். நாள் நேரமெல்லாம் சொல்லிப்போட்டுத்தானாம் அனுப்புறவை.”

“ஆருக்குச் சொல்லுறவை?”

பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அது அதில் எழுதியிருக்கவில்லை. பின்னாளில் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது பதிலைக் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு ஏவுதலுக்கும் முன்னர் கடலில் எந்தப் பகுதி ஆபத்து என்று அகலக்கோடு நெடுங்கோட்டோடு அறிவித்தல் போகிறது. கப்பல்களுக்குப் போகிறது, விமானங்களுக்குப் போகிறது, ஆங்கிலத்தில் போகிறது. என் அப்பாவின் தோணிக்கு அது வந்ததேயில்லை.

ஊருக்குள்ளே கதை வேறு மாதிரிப் பரவியது. தோட்டக்காரப் பக்கத்திலிருந்து சந்தைக்கு வருகிறவர்கள்கூட, “வாணம் விட்டதுக்கு வலை வெட்டின ஆக்கள்,” என்று எங்களைக் கேலி செய்தார்கள். அரியம் சம்மாட்டிக்கு அந்தக் கேலி பொறுக்கவில்லை. சம்மாட்டி என்றால் எங்கள் கரையில் தோணிகளும் வலைகளும் சொந்தமாக வைத்து ஆட்களைக் கடலுக்கு அனுப்புகிறவர். அவருடைய தோணிகளிலும் வலை வெட்டுப்பட்டிருந்தது. ஆனால் அவரிடம் வேறு வலைகள் இருந்தன, எங்களிடம் இருந்தது ஒன்றுதான். அப்பா எங்கள் தோணியைக் கரையில் கவிழ்த்துப்போட்டுவிட்டுச் சம்மாட்டியின் தோணிக்குக் கூலிக்குப் போனார். ஏறின முதல்நாளே சம்மாட்டி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “இன்னொருக்கால் என்ரை வலையிலை கத்தி வைச்சவன் என்ரை தோணியிலை கால் வைக்கப்படாது.”

அன்றிரவு அம்மா சோறு போட்டுக்கொண்டே, “இந்தத் தவணையோடை இவள் படிச்சது காணும். இவள் என்னோடை கருவாட்டுக்கு வரட்டும்,” என்றாள். அவளைக் குறைசொல்ல மாட்டேன். அப்பா சோற்றைப் பிசைந்தபடி, “எனக்கு ஏறத் தோணி இருக்குமட்டும் அவள் பள்ளிக்கூடம் போகட்டும்,” என்றார். அதன் மறுபக்கமும் எனக்கு விளங்கியது. இன்னொரு வெளிச்சம் ஏறி, இன்னொரு வலை வெட்டுப்பட்டால், அப்பாவுக்குத் தோணி இல்லை, எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. என் படிப்பு ஒரு ரொக்கெட்டில் தொங்கிக்கொண்டிருந்தது என்று இப்போது சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஆகவே, அது எங்கிருந்து வருகிறது, எத்தனை நாளைக்கொருக்கால் வருகிறது என்று தேடத் தொடங்கினேன். பாடசாலை அற்லஸில் சிறீஹரிக்கோட்டாவிலிருந்து நேர் தெற்கே அடிமட்டம் வைத்துக் கோடு பிடித்தபோது அது வந்து முட்டிய இடம் பருத்தித்துறை. சென்னைக் கரையை உரசிய பிறகு கடல்தான் இடையில் இருந்தது. வகுப்பில் இருந்த மற்றவர்களுக்கு அது ஒரு கோடு. நான் அடிமட்டத்தைத் திருப்பி வைத்து இன்னொருதரம் கோடு பிடித்தேன். உலகத்தில் ரொக்கெட் விடுகிற இடங்கள் அநேகமாகக் கடலோரங்களில்தான் இருக்கின்றன என்பதும் அந்தத் தேடலில்தான் தெரிந்தது. அமெரிக்காவில் புளோரிடாக் கரை, தென்னமெரிக்காவின் தலைமாட்டில் பிரெஞ்சு கயானா, யப்பானில் ஒரு சின்னத் தீவு. கடலில்லாத கசகஸ்தான் மாதிரி இடமென்றால் வெறும் புல்வெளி. பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் அந்தப் பக்கம் எறிந்தால் தள்ளு இலவசம். கழன்று விழுகிற துண்டுகள் ஆட்களில்லாத கடலில் விழும் என்று புத்தகத்தில் இருந்தது. 'ஆட்களில்லாத கடல்' என்ற சொற்களுக்குக் கீழே பென்சிலால் அழுத்திக் கோடு கீறினேன். பென்சில் முறிந்தது.

நேரம் அறிவதற்கு வானொலி இருந்தது. பருத்தித்துறையில் கொழும்பைவிட அக்கரைத் தமிழ்நாட்டு வானொலிதான் துப்பரவாகக் கேட்கும். எங்களுக்கும் அவர்களுக்கும் மணிக்கூடும் ஒன்று. பூமணி மாமி வீட்டு வானொலிக்குப் பக்கத்தில் இருந்து செய்தி கேட்பேன். அப்போது அந்த ஏவுதளத்திலிருந்து வருஷத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ரொக்கெட்டுகள்தான் போயின. அதிலும் பகல் வெளிச்சத்தில் போகிறவை எங்களுக்குத் தெரியாது. கருக்கலிலோ பொழுதுபடவோ போகிறவைதான் வில்லங்கம், ஏனென்றால் கடலில் இருட்டாக இருக்கும்போது மேலே உள்ள புகையில் வெயில் படும். “என்ன மோனை, ஆகாயத்திலை ஆரும் மாப்பிள்ளை பார்க்கிறியோ?” என்று மாமி கேட்பா. வானொலியை மட்டும் ஒருநாளும் மூடியதில்லை.

ஆனியில் ஒருநாள் செய்தி வந்தது. நாளை, பொழுதுபடுகிற நேரம். அப்போதுதான் நான் வாசிகசாலைப் படி ஏறினேன். அந்த வாக்கியத்தையும் சிரிப்பையும் வாங்கிக்கொண்டேன். சிரித்தாலும் மறுநாள் பின்னேரம் பாதி ஊர் கரையில் நின்றது. வாடைப்பக்கத்தைப் பார்த்தபடி, கச்சான் கடலை கொறித்தபடி, பிள்ளைகளைத் தோளில் தூக்கியபடி நின்றார்கள். தோணிகள்கூடச் சற்றுப் பிந்தித்தான் இறங்கின.

ஒன்றும் வரவில்லை. பொழுதுபட்டது, வெள்ளிகள் பூத்தன, நுளம்பு கடித்தது. “பிள்ளை, ரொக்கெட் கொடிகாமத்திலை பஞ்சராம்!” என்று யாரோ கத்தினார்கள். “வழியிலை தேத்தண்ணி குடிச்சிட்டு வருமாக்கும்,” என்றார் இன்னொருவர். அரியம் சம்மாட்டி என்னைப் பார்த்துக் கைமணிக்கூட்டைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். அதோடு என் பெயர் மாறியது. கடைக்குப் போனால் 'ரொக்கெட்', பாடசாலை வாசலில் 'ரொக்கெட்', கோயிலில் விபூதி வாங்கக் கை நீட்டினால் பின்னாலிருந்து 'ரொக்கெட்'. ஏவுதளத்தில் ஏதோ ஒரு குழாய் ஒழுகியதால் நாள் தள்ளிவைக்கப்பட்டது என்று மறுநாள் வானொலி சொன்னது. ரொக்கெட் விடுகிறவர்களுக்கு அது வழமை. காற்றுக் கூடினாலும் நிறுத்துவார்கள், ஒரு திருகாணியில் சந்தேகம் வந்தாலும் நிறுத்துவார்கள். இதை நான் யாருக்கு விளங்கப்படுத்துவது? அழவில்லை. ஒவ்வொரு நாளும் மாமி வீட்டு வானொலிக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

புதிய நாள் வந்தபோது வாசிகசாலைக்குப் போகவில்லை. நான் சொல்வதைக் கேட்கவேண்டிய ஆள் ஒருவர்தான், அப்பா. காலைச் செய்தியில் நான் அதைக் கேட்டபோது அவர் கடலால் வந்து நித்திரை; பின்னேரம் சொல்லலாமென்றால் அன்று பாடசாலையில் விளையாட்டுப் பயிற்சிக்கு மறித்து வைத்துவிட்டார்கள். நான் கரைக்கு ஓடிவந்தபோது சம்மாட்டியின் தோணி தண்ணீரில் இறங்கிவிட்டது, அப்பா கடைசி ஆளாகக் கையில் மண்ணெண்ணெய்க் கான் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். கடலுக்குப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது. எங்கள் கரையில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சட்டம் அது. கூப்பிட்டால் அன்றைக்குக் கடல் சரியில்லை என்று திரும்பி வந்துவிடுவார்கள், கூப்பிட்டவளுக்குத் திட்டும் விழும். நான் கூப்பிடவில்லை. சீருடையோடு தண்ணீருக்குள் இறங்கி, அவரைத் தாண்டி ஓடி, இடுப்பளவு நீரில் அவருக்கு முன்னால் நின்றேன்.

“உனக்கென்ன விசரே?” என்றார்.

“அப்பா, இண்டைக்கு வரும். பொழுதுபட வரும். நேர் வாடையிலை எழும்பிக் கொண்டல் பக்கம் சரியும். எங்களுக்கு மேலாலை வராது, எங்கடை தீவை விலத்தித்தான் போகும்.”

“உன்ரை கதையை நம்பி நான் வலையோடை நிண்டு செத்தா?”

அதுவரைக்கும் நான் யோசித்து வைத்திருந்ததெல்லாம் அற்லஸும் அகலக்கோடும். அவருடைய முகத்தைப் பார்த்தபோது வேறொன்று வாயில் வந்தது. “பரா மேலை நிண்டு கீழை இறங்கும், என்னப்பா? இது ஏறும். ஏறிக்கொண்டே போகும். இறங்கினா வெட்டுங்கோ. ஏறினா வெட்டாதேங்கோ.”

அப்பா கானைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு என்னைச் சுற்றிப் போனார். தோணிக்குள் இருந்த யோகன் அண்ணை, “என்ன அண்ணை, ரொக்கெட் ரிக்கற் கிழிக்க வந்ததோ?” என்று கேட்டதும் சிரித்ததும் கேட்டது.

பொழுதுபட நான் மட்டும் கரைக்குப் போனேன். அம்மா என்னைத் தேடிப் பின்னால் வந்தாள், அவளைத் தேடிப் பூமணி மாமி. கருவாடு அள்ளுகிற பெண்கள் சிலர் ஏற்கெனவே நின்றார்கள். சொன்ன நேரம் வந்தது, ஒன்றுமில்லை. மாமி பெருமூச்சு விட்டா. உடனே தெரியாது என்று எனக்குத் தெரியும். தூரத்துத் தோணிக்காரனுக்குக் கரை ஒரேயடியாகத் தெரியாமல் முதலில் பனையின் தலையும் பிறகு பனையும் பிறகுதான் மணலும் தெரிவதுபோல, கடலின் முதுகு அதை மறைத்து நிற்கும்; நல்ல உயரம் ஏறின பிறகுதான் எங்களுக்குத் தலை காட்டும்.

பிறகு ஏறியது.

எல்லோரும் விழுந்தார்கள். ரொக்கெட் வருமென்று என் வாயால் நூறுதரம் கேட்டவர்களும் விழுந்தார்கள், ஏனென்றால் அவர்களுடைய முழங்கால்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அம்மாவின் கை என் பின்கழுத்தைப் பிடித்து அமத்தியது. நான் காலை மணலில் ஊன்றிக்கொண்டு நின்றேன். “படடி! படு!” என்று அவள் அழுதாள். நான் படுக்கவில்லை. அந்தச் செம்மஞ்சள் பொட்டு ஏறி, வால் நீண்டு, மேல் வெயிலில் பட்டு வெள்ளையாக விரிந்து, சொன்னதுபோலவே கொண்டல் பக்கம் சரிந்தது. கரை முழுக்கக் குப்புறக் கிடந்த உடம்புகளுக்கு நடுவில் நான் நின்று அதை முழுவதும் பார்த்தேன். “எழும்பணை அம்மா, ஏறிக்கொண்டு போகுது, பார்,” என்று சொன்னேன். அம்மா என் காலைப் பிடித்தபடி முதலில் ஒரு கண்ணால் பார்த்தாள். பிறகு எழுந்து இருந்து பார்த்தாள். அது சிறுத்து மறைகிறவரைக்கும் பார்த்தாள்.

ஆனால் கடலில் என்ன நடந்தது என்று தெரியாது. ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கிற பொறுமை, ஓடி ஓடியே உயிர் பிழைத்த ஆட்களுக்கு இருந்திருக்குமா? தோணிகள் உடனே திரும்பி வந்தால் வலை போய்விட்டது என்று அர்த்தம். நான் கடலையே பார்த்திருந்தேன். பக்கத்துக் கரைத் தோணிகள் இரண்டு அலறிக்கொண்டு வந்தன, இலேசாக. சம்மாட்டியின் தோணி வரவில்லை. வராததற்கும் இரண்டு அர்த்தம் உண்டு. அம்மா என்னை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

விடிந்தபோது அது வந்தது. தாழ்ந்து வந்தது, தண்ணீர் விளிம்பைத் தொடுமளவுக்குப் பாரமாக. வலை அள்ளுக்கொள்ளையாகத் தோணிக்குள் குவிந்து கிடந்தது. கரையைத் தொட முன்னரே யோகன் அண்ணை குதித்துவிட்டார்.

“எடியே ரொக்கெட்! உன்ரை கொப்பருக்குப் பேய் பிடிச்சிட்டுது! நான் கத்தியை எடுத்திட்டன். மனிசன் என்ரை கையைப் பிடிச்சு முறுக்கிக்கொண்டு, ‘பொறடா, ஏறுதோ இறங்குதோ எண்டு பார், ஏறுதோ இறங்குதோ எண்டு பார்’ எண்டு கத்துறார். நான் எங்கை பார்க்கிறது? பலகைக்குக் கீழையெல்லோ கிடந்தனான்!”

“அப்ப ஆர் பார்த்தது?” என்று பூமணி மாமி கேட்டா.

“அவர்தான் பார்த்தவர். நிமிர்ந்து நிண்டு பார்த்தவர். பார்த்துப்போட்டு, ‘என்ரை பிள்ளை சொன்னமாதிரிக் கொண்டல் பக்கம் போகுது’ எண்டு சொல்லி, பீடி பத்தவைச்சவர்.”

அப்பா அதைக் கேட்காதவர்போல வலையை இறக்கிக்கொண்டிருந்தார். அரியம் சம்மாட்டி வந்து வலையை முனை முனையாகத் தூக்கிப் பார்த்தார். “குருட்டுவாக்கிலை சொன்னது சரிவந்திட்டுது,” என்றார். நான் மீன் கழட்டிக்கொண்டே, “குருட்டுவாக்கிலை இல்லைச் சம்மாட்டியார், வாசிச்சுச் சொன்னனான். அடுத்ததையும் சொல்லுவன்,” என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். ஆனால் அந்தத் தவணை முடிந்ததும் என்னைக் கருவாட்டுக்கு அவள் கூப்பிடவில்லை. அடுத்த தவணைக்கும் கூப்பிடவில்லை. வாசிகசாலை ஆண்கள் ஒருவரும் என்னிடம் நேரே வந்து கேட்டதில்லை, அவர்களுடைய மனைவிமார் கிணற்றடியிலும் சங்கக் கடையிலும் குரலைத் தாழ்த்தி, “பிள்ளை, இனி எப்பவாம்?” என்று கேட்டார்கள். எல்லோருக்கும் உரத்துத்தான் பதில் சொன்னேன்.

இப்போது நான் பௌதிகவியல் படித்துப் பட்டம் பெற்று, அதே கரையிலிருந்து பஸ்ஸில் போய்ப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். உலகத்தில் எங்கோ ஓரிடத்திலிருந்து ஏறக்குறைய நாளுக்கொன்று என்ற கணக்கில் ரொக்கெட்டுகள் போகின்றன. பல நாட்டுக் கரைகளில் அது பஸ் ஓடுவதைப்போல ஆகிவிட்டது. எங்கள் வாடைப்பக்கத்தில் ஏறுகிறபோது பிள்ளைகள் கைத்தொலைபேசியைத் தூக்கிப் படம் எடுக்கிறார்கள், எடுத்து முடிய முன்னரே அனுப்பியும் விடுகிறார்கள். கரையில் ஒருவரும் விழுவதில்லை. ஒழுங்கையில் விளக்குகள் அணைவதில்லை. அந்த அச்சம் போனதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடமாட்டேன், போய்த் தொலையட்டும். அம்மாவின் கை மட்டும் வெளிச்சம் ஏறிய முதல் கணத்தில் இன்னமும் என் கழுத்தைத் தேடி வருகிறது. தேடி வந்து, பிறகு என் தலைமயிரைக் கோதிவிட்டுப் போகிறது.

போகாதது ஒன்று இருக்கிறது. கடலில் ஆட்கள் இல்லை என்ற அந்தப் புத்தக நம்பிக்கை. அக்கரையில் தெற்கே, குலசேகரன்பட்டினத்தில், இன்னொரு ஏவுதளம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அங்கிருந்து போகிற சின்ன ரொக்கெட்டுகள் எங்கள் தீவைச் சுற்றி வளையத் தேவையில்லை, நேரே தெற்கு நோக்கிப் போகும். எங்களுக்கு அது தெரியாது. மன்னார்க் கரைத் தோணிகளுக்குத் தெரியும். எங்கள் அப்பாமாரைப்போலவே சண்டைக் காலத்தில் ஓடிப் பழகிய ஆட்கள் அங்கேயும் இருக்கிறார்கள். அவர்களுக்கு யார் சொல்வார்கள் என்று யாரையும் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை.

போன மாதம் பாடசாலை விடுமுறையில் பூநகரி வழியாகப் பஸ் பிடித்து மன்னாருக்குப் போனேன். கடலோரக் கிராமம் ஒன்றில் மீனவர் சங்கக் கட்டடத்துக்குள் ஆண்களும் பெண்களும் வந்து இருந்தார்கள். இன்னும் கட்டி முடியவில்லை, நாள் வைத்தவுடன் நானே சொல்வேன், கச்சானுக்கும் சோழகத்துக்கும் நடுவில் பாருங்கள் என்று விளங்கப்படுத்தினேன். முன்வரிசையில் இருந்த அம்மா ஒருத்தி, “சொல்லுறதைக் கடலிலை நிக்கிறவனுக்கு என்னெண்டு பிள்ளை சொல்லுவாய்?” என்று கேட்டா. சங்கத்தின் மேசையில் தோணிகளோடு கதைக்கிற வானொலிக் கருவி இருந்தது. தலைவரிடம் கேட்டு அதைக் கையில் எடுத்தேன்; அமத்தவேண்டிய இடத்தை அவர் காட்டினார், அமத்தி “ஹலோ” என்றேன்.

இரைச்சலுக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் வந்தது. “ஆர் கதைக்கிறது? எந்தத் தோணி?”

“தோணியில்லை அண்ணை,” என்றேன். “கரை கதைக்குது. கேட்குதோ?”

“கேட்குது. சொல்லு பிள்ளை.”

சொல்லத் தொடங்கினேன்.